கதிர் வெளுத்த பிறகு வரும் அறிவுரை

காவிரிப் படுகை மாவட்டங்களில் பயிர்ப் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் வேளாண்மை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளே,

கடந்த சம்பா நெற்பருவத்தில், கதிரின் கழுத்தைத் தாக்கும் பூஞ்சாண நோயான கழுத்துக் குலை நோய் வந்து கதிர் வெளுத்த வயல்களுக்காக எங்கள் ஊர் உழவர்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு இப்போது எழுத்தில் பதில் வந்திருக்கிறது. பரிந்துரைத்த அளவுக்கு மேல் யூரியா இட்டதே நோய்க்குக் காரணம் என்றும், நோய் தென்பட்டதும் உரிய மருந்து அறிவிக்கப்பட்டது என்றும், எனவே மேல் நடவடிக்கை தேவையில்லை என மனு முடித்துவைக்கப்படுகிறது என்றும் அந்தப் பதில் கூறுகிறது. இதைப் படித்துவிட்டு மடித்து வைக்க எங்களால் முடியவில்லை. அடுத்த சம்பாவுக்கும் இதே பதில்தான் என்றால் அடுத்த சம்பாவிலும் இதே இழப்புதான் நேரும் என்பதால், உங்கள் பார்வைக்கு மட்டும் அனுப்ப வேண்டிய மறுப்பை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வெண்ணாற்றுப் பாசனத்தில் சொந்த நிலமும் குத்தகை நிலமுமாகச் சாகுபடி செய்பவன் நான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஐப்பசிக் கடைசியிலேயே பிபிடி 5204 என்ற சன்ன நெல் இரகம் நட்ட வயல்களில் இலைப்புள்ளி தெரிந்தது. இரு முனையும் கூராகி, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட அந்தப் புள்ளி எங்களுக்குப் புதிதல்ல. அன்றைக்கே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொன்னோம். உதவி வேளாண்மை அலுவலர் பயிர்க் காப்பீட்டுப் பதிவு வேலையில் இருக்கிறார், இனிமேல் வயலுக்கு வந்து பார்ப்பது என்பது இல்லை, கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று பதில் கிடைத்தது. படம் அனுப்பினோம். கார்த்திகை முழுவதும் விட்டு விட்டு அடைமழை. மழை ஓய்ந்ததும் பகலில் மேகமூட்டம், இரவில் பனி. மார்கழி பிறந்தபோது பயிர் கதிர் தள்ளியது. பால் பிடிக்க வேண்டிய நேரத்தில் கழுத்துக் கணு கறுத்து, கதிர் வெளுத்து, காற்றடித்த பக்கம் ஒடிந்து தொங்கியது. மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மாகூடத் தேறவில்லை என்று சொன்னவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நாளிதழில் செய்தி வந்த பிறகுதான் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் துறையின் அறிவுரைத் தாள் ஒன்று வந்தது. அதில் எழுதியிருந்த மருந்தின் பெயர் சரி, அளவும் சரி. அதைத் தெளிக்க வேண்டிய நாள் கடந்து போயிருந்தது.

நாள் கடந்தது என்று நான் சொல்வது உழவனின் ஆதங்கம் அல்ல, இந்தப் பூஞ்சாணம் வேலை செய்யும் விதம் அது. குலை நோய்ப் பூஞ்சாணத்தின் விதை போன்ற நுண்ணிய வித்து காற்றில் வந்து இலையில் விழுகிறது. இலை இரவு முழுவதும் நனைந்திருந்தால் முளைக்கிறது. முளைத்ததும் கருநிறச் சுவர் கொண்ட ஒரு சிறு குமிழை உருவாக்கி, அதனுள் அழுத்தம் ஏற்றி, அந்த அழுத்தத்தாலேயே இலையின் தோலைத் துளைத்து உள்ளே புகுகிறது. புகுந்த நாளில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. புள்ளியாகத் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், தெரிந்த பிறகு ஒவ்வொரு புள்ளியும் இரவுதோறும் ஆயிரக்கணக்கில் வித்துகளை வெளியே விடும். நீங்கள் பரிந்துரைக்கும் டிரைசைக்ளசோல் அந்தக் குமிழின் கருநிறத்தை உருவாகவிடாமல் தடுத்து, பூஞ்சாணம் உள்ளே நுழைய முடியாதபடி செய்யும் மருந்து. நுழைவதற்கு முன்னால் அது பயிரின் மேல் இருக்க வேண்டும். கழுத்துக் கணுவுக்குள் பூஞ்சாணம் புகுந்து சாறு ஏறும் வழியை அடைத்த பிறகு எத்தனை டேங்க் அடித்தாலும் வெளுத்த கதிரில் பால் ஏறாது. இதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுடைய பயிற்சி முகாம்களில் கேட்டுத்தான் நான் இதைத் தெரிந்துகொண்டேன். தெரிந்தவர்களே நோய் தென்பட்டதும் மருந்து அறிவித்தோம் என்று எழுதும்போதுதான் மனம் ஆறவில்லை.

எழுதியவர்களுக்கு இந்த மண்ணின் வரலாறும் தெரிந்திருக்கும். இந்தியாவில் குலை நோய் முதன்முதலில் பதிவானது 1913ஆம் ஆண்டில். முதல் பெருந்தாக்குதல் பதிவானது 1919இல், இதே தஞ்சாவூர் டெல்டாவில். கோயம்புத்தூரில் 1912இலும் ஆடுதுறையில் 1922இலும் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையங்கள் அன்றிலிருந்து இந்த நோயோடு போராடி வந்திருக்கின்றன. நோய் தாங்கும் கோ 4 இரகத்தை, டெல்டாவில் பரவலாக விளைந்த ஏடிடி 10 உடன் ஒட்டுச் சேர்த்துக் கோ 25 என்ற இரகத்தை உருவாக்கிக் கொடுத்தார்கள். அன்று சாலை குறைவு, ஊர்களில் தொலைபேசி இல்லை, வானிலையை முன்கூட்டிச் சொல்லும் செயற்கைக்கோள் இல்லை. அப்படியும் நோயை வயலில் வந்து பார்த்து, அதற்கு விடையாக ஒரு விதையைத் தந்தார்கள். நூறாண்டுக்குப் பிறகு, எல்லாக் கருவியும் இருக்கும்போது, எங்களுக்குக் கிடைத்த விடை ஒரு முடித்துவைப்புக் கடிதம்.

யூரியாவைப் பற்றிப் பேசுகிறேன், ஏனெனில் அந்தக் குற்றச்சாட்டில் உண்மையும் இருக்கிறது. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த பயிர் தளதளவென்று நெருங்கி வளரும், இலை மென்மையாகும், தூருக்குள் காற்று புகாது. குலை நோய்க்கும், தூரடியில் தொடங்கும் இலையுறைக் கருகல் நோய்க்கும் அதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. இதை எந்த உழவரும் மறுக்கமாட்டார். ஆனால் கார்த்திகை மழையில் வடிகால் வாய்க்கால் தூர்ந்து, தண்ணீர் வடிய வழியில்லாமல் பயிர் நாள்கணக்கில் நின்று மஞ்சள் பாய்ந்தால், அதைத் தேற்ற எங்கள் கையில் என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. பயிரைத் திடப்படுத்தும் பொட்டாஷ் அதைப்போலப் பல மடங்கு விலை. கூட்டுறவுச் சங்கத்தில் கேட்கும்போது பல நேரம் இருப்பு இல்லை. தழைச்சத்து தேவையா என்று இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்ய இலை வண்ண அட்டை என்ற சிறு பிளாஸ்டிக் அட்டை இருக்கிறது. சில ரூபாய் பெறுமானமுள்ள பொருள். எங்கள் ஊரில் அதைக் கண்ணால் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அட்டையைக் கொடுக்காமல், பொட்டாஷை இருப்பு வைக்காமல், வடிகாலைத் தூர் வாராமல் இருந்துவிட்டு, யூரியா இட்டதை மட்டும் குற்றமாக எடுத்துச் சொல்வது நியாயமாகாது.

அதுவும் போக, எங்கள் வயல்களே அந்தக் காரணத்தை முழுதாக ஏற்கவில்லை. யூரியாவைத் தொடாமல் தொழுவுரமும் பசுந்தாளும் மட்டும் இட்டு வெள்ளைப் பொன்னி சாகுபடி செய்த பெரியவர் ஒருவரின் வயலிலும் கழுத்து ஒடிந்தது. அதே வாய்க்கால் பாசனத்தில், எங்கள் அளவுக்கே யூரியா இட்ட சிஆர் 1009 வயல்களில் ஆங்காங்கே நாலைந்து கதிரைத் தவிரப் பெரிய சேதம் இல்லை. அது வேறு இரகம், மேலும் பனி இறங்குவதற்கு முன்பே கதிர் தள்ளிவிட்டது. இரகம் எது, விதைத்தது எந்த வாரம், கதிர் வரும்போது வானம் எப்படி இருந்தது என்று யாராவது ஒருவர் வந்து கேட்டிருந்தால் இதெல்லாம் அறிக்கையில் ஏறியிருக்கும். வயலைப் பார்க்காத அறிக்கையில் யூரியா மட்டும்தான் ஏற முடியும்.

வயலைப் பார்ப்பது ஏன் தேவை, படம் ஏன் போதாது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். வெளுத்த கதிர் பெரும்பாலும் இரண்டு காரணத்தால் வரும். ஒன்று கழுத்துக் குலை நோய், மற்றொன்று தண்டுத் துளைப்பான் புழு. தூரத்தில் நின்று படம் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலவே வெள்ளையாகத் தெரியும். கதிரைக் கையால் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். புழு அடித்த கதிர் எளிதாகக் கையோடு வந்துவிடும், அடியில் கடிபட்ட தடம் இருக்கும், தண்டைப் பிளந்தால் உள்ளே கழிவும் சில நேரம் புழுவும் இருக்கும். குலை நோய்க் கதிர் உருவிக்கொண்டு வராது. கழுத்துக் கணுவைச் சுற்றிக் கரும்பழுப்பாக ஒரு வளையம் கட்டியிருக்கும், வளைத்தால் அந்த இடத்தில் ஒடியும். இந்த ஒரு சோதனைக்கு ஆகும் நேரம் அரை நிமிடம். அது நடக்காததால் எங்கள் ஊரில் பாதிப் பேர், மருந்துக் கடையில் கொடுத்த புழு மருந்தைக் குலை நோய்க்கு அடித்தார்கள்.

கடைக்காரர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் விடியற்காலையில் காய்ந்த இலையைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் உழவனுக்கு ஊர்ப்பக்கத்தில் திறந்திருக்கும் ஒரே இடம் அந்தக் கடைதான். அங்கே பூஞ்சாணக்கொல்லி ஒன்று, பூச்சிமருந்து ஒன்று, ஊக்கி என்று ஒரு டானிக் என மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, மூன்றையும் ஒரே டேங்கில் கலக்கச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ரசீது கேட்டால் தாளில் தொகையை மட்டும் எழுதித் தருகிறார்கள். 1968இல் இயற்றப்பட்ட பூச்சிக்கொல்லிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமம், ரசீது, இருப்புப் பதிவேடு எல்லாம் அதன்கீழ் உங்கள் துறை கண்காணிக்க வேண்டியவை. அந்தக் கலவையை முதுகில் சுமந்து, கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அடிப்பவர்கள் கூலித் தொழிலாளர்கள். அடித்த அன்று மாலை தலைச்சுற்றலும் வாந்தியுமாகப் படுத்துக்கொள்கிறவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறோம். தேவையில்லாத மருந்து என்பது வீண்செலவு மட்டுமல்ல.

பாக்டீரியா இலைக் கருகலும் இதே குழப்பத்தில் சேரும். புயல்மழைக்குப் பிறகு இலையின் ஓரம் நுனியிலிருந்து அலை அலையாய்க் காய்ந்து வரும் அந்த நோய்க்குப் பூஞ்சாணக்கொல்லி கேட்காது. காய்ந்தும் காயாததுமான இலையைக் குறுக்கே வெட்டி ஒரு கண்ணாடித் தம்ளர் தெளிந்த நீரில் போட்டு வைத்தால், வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு கசிவு இறங்கும், அது பாக்டீரியா. கசிவு வராவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். இந்தத் தம்ளர் சோதனையை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பிற்பகலில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நாற்றுப் பறிப்பது, நடுவது, களையெடுப்பது எல்லாம் அவர்கள்தான். நோயை முதலில் பார்ப்பதும் அவர்கள்தான். உங்கள் பயிற்சி முகாமின் வருகைப் பதிவேட்டில் பட்டாதாரர்களின் பெயரே இருக்கிறது.

இலையுறைக் கருகல் இன்னும் மறைவானது. அது தண்ணீர் மட்டத்தை ஒட்டி, தூரின் அடியில், இலையுறையின் மேல் பச்சை கலந்த சாம்பல் திட்டாகத் தொடங்கும். மேலே பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். வரப்பில் நின்று எடுத்த படத்தில் நல்ல பயிராகவே தெரியும். இறங்கித் தூரை விலக்கிப் பார்த்தால்தான் திட்டும், அதன்மேல் கடுகு போல ஒட்டியிருக்கும் பழுப்பு முடிச்சுகளும் தெரியும். அந்த முடிச்சுகள் உதிர்ந்து மண்ணில் தங்கி, அடுத்த நடவில் சேறடிக்கும்போது தண்ணீரில் மிதந்து வந்து புதுப் பயிரின் தூரில் ஒட்டிக்கொள்கின்றன. மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்குப் பாயும் எங்கள் பாசனத்தில் ஒருவர் மட்டும் மருந்தடித்துத் தப்பிவிட முடியாது. இப்போது ட்ரோன் வைத்து மேலிருந்து தெளிக்கச் சொல்கிறீர்கள். இலைக்கு அது உதவலாம். நெருங்கிய பயிரில் மேலிருந்து விழும் அந்தச் சிறு துளி தண்ணீர் மட்டத்துத் தூர் வரை போய்ச் சேர்கிறதா என்று எங்கள் மண்ணில், எங்கள் பயிரில் சோதித்துக் காட்டிவிட்டுப் பரிந்துரையுங்கள்.

லட்சுமி நோய் என்று ஊரில் சொல்லும் நெற்பழ நோய்க்கும் கதை அதேதான்: தொண்டைக் கதிர்ப் பருவத்தில் தடுக்க வேண்டும், மஞ்சள் உருண்டை கண்ணில் பட்ட பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. சம்பா அறுவடையை ஒட்டி வயலின் ஈரத்தில் விதைக்கும் உளுந்துக்கு மாசிப் பனியில் வரும் சாம்பல் நோய்க்கும் முன்னறிவிப்பு ஏதும் இதுவரை எங்களை வந்தடைந்ததில்லை.

முன்னறிவிப்பு தர வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. செவ்வாய், வெள்ளி என வாரம் இருமுறை வேளாண் வானிலை அறிவிப்பு வெளியாகிறது. அடுத்த ஐந்து நாளுக்கு மழை, வெப்பம், ஈரப்பதம், மேகமூட்டம் எல்லாம் அதில் உண்டு. மாவட்ட அளவில் இந்தப் பணியைச் செய்துவந்த வேளாண் வானிலை அலகுகள் 2024இல் நாடெங்கும் மூடப்பட்டுவிட்டதால் இப்பொறுப்பு உங்கள் தோளில் இன்னும் கூடியிருக்கிறது. எந்த ஊரில் எந்த இரகம், எந்த வாரம் விதைத்தது என்பது ஊரின் சாகுபடிக் கணக்கான அடங்கலிலும் காப்பீட்டுப் பதிவிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டி, இரவு குளிர்ந்து, இலை விடியும்வரை நனைந்திருக்கப் போகிறது என்பதையும், அந்த வாரத்தில் இந்த ஊரின் பிபிடி கதிர் தள்ளப் போகிறது என்பதையும் ஒரே மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்தால் எச்சரிக்கை தானாகவே கிடைத்துவிடும். தேவையான இரண்டு தகவலும் உங்களிடம்தான் இருக்கின்றன.

வயலில் தொடங்கிய நோய் வயலோடு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கதிரில் தப்பிய நெல்லும் பூஞ்சாணம் பட்டு நிறம் மாறிக் கறுத்திருந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சேதமான, நிறம் மாறிய, முளைத்த, வண்டு அரித்த மணிகள் எல்லாம் சேர்ந்து ஐந்து விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. ஈரப்பதம் பதினேழுக்கு மேல் போகக்கூடாது. மழை பெய்து ஈரப்பதம் கூடினால் தளர்வு கேட்டு அரசு கடிதம் எழுதுகிறது, மத்தியக் குழு வந்து பார்க்கிறது. நிறம் மாறிய நெல்லுக்காக அதே அக்கறையோடு யாரும் வந்து நாங்கள் பார்த்ததில்லை. தள்ளப்பட்ட மூட்டைகள் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் போயின. காப்பீட்டுக்குப் போனால் அங்கே வேறு கதவு அடைபடுகிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நோயால் வரும் இழப்பு அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்குமாக மாதிரி வயல்களை அறுத்து எடை பார்க்கும் சோதனையின் சராசரியை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆலங்கட்டி, நிலச்சரிவு போன்றவற்றுக்கு உள்ள தனிவயல் மதிப்பீடு நோய்க்கு இல்லை. பக்கத்து வயலில் சிஆர் 1009 நன்றாக விளைந்துவிட்டால் கதிர் வெளுத்த வயலுக்கு ஒன்றும் கிடைக்காது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சங்கத்தில் கடன் வாங்கி நட்டவர் அந்தச் சராசரியைக் கொண்டு கடனைக் கட்ட முடியாது.

எங்கள் கோரிக்கைகளை இனிச் சொல்கிறேன்.

முடித்துவைத்த மனுவை மறுபடி திறக்க வேண்டும். யூரியாதான் காரணம் என்ற முடிவைத் திரும்பப் பெற்று, பயிர் நோயியல் வல்லுநர் ஒருவரை அனுப்பி, இரகம், விதைப்பு வாரம், உர அளவு, வடிகால் நிலை, தெளித்த மருந்து ஆகியவற்றை எங்களிடம் கேட்டுப் பதிவு செய்து, அந்த அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பயிர் அறுவடையாகிவிட்டதே என்று தட்டிக்கழிக்க வேண்டாம். வயலில் நின்ற தாளிலும் வைக்கோலிலும் சேமித்த விதையிலும் நோய் இன்னும் இருக்கிறது.

வயலுக்கு வர வேண்டியதில்லை என்ற முடிவைக் கைவிட வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாரத்தில் ஒரு குறித்த நாள், குறித்த நேரத்தில், உதவி வேளாண்மை அலுவலர் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். அந்த மூன்று மாதமும் காப்பீட்டுப் பதிவு, செயலியில் தகவல் ஏற்றுவது போன்ற வேலைகளை அவர்கள் தலையிலிருந்து இறக்கி வேறு பணியாளர்களிடம் கொடுங்கள். அவர்கள் வரவில்லை என்று நாங்கள் கோபப்பட்டாலும், ஒரே ஆள் எத்தனை ஊராட்சிக்கு ஓடுவார் என்பது எங்களுக்கும் தெரியும். காலியிடங்களை நிரப்பும்படி நீங்கள் அரசுக்கு எழுதினால் உழவர் சங்கங்கள் உங்களோடு நிற்கும்.

நோய் எச்சரிக்கை ஊர்வாரியாக, இரகவாரியாக, நோய் தெரிவதற்கு முன்பே வர வேண்டும். "ஆவணியில் விதைத்த பிபிடிக்கு இந்த வெள்ளிக்கிழமைக்குள் தெளியுங்கள்" என்றோ, "இந்த வாரம் எதுவும் தெளிக்கத் தேவையில்லை" என்றோ ஒரே வரியில் இருக்கட்டும். தெளிக்க வேண்டாம் என்று சொல்வதும் எங்களுக்குப் பெரிய உதவி. வாட்ஸ்அப் தாளோடு நிறுத்திவிடாமல், ஒலிபெருக்கியிலும் கூட்டுறவுச் சங்கப் பலகையிலும் நியாயவிலைக் கடை வாசலிலும் அறிவியுங்கள்; ஸ்மார்ட்போன் இல்லாத குத்தகைதாரர்களும் கூலித் தொழிலாளர்களும் அப்போதுதான் அறிவார்கள்.

விதைப்புக்கு முன்பே செய்ய வேண்டியவை உண்டு. பிபிடி 5204 குலை நோய்க்கு எளிதில் ஆளாகும் என்பது உங்களுக்குத் தெரியும். சன்ன அரிசிக்கு விலை கிடைப்பதால் நாங்கள் அதை விடவும் முடியாது. நோய் தாங்கும் இரகம் என்று ஒரு காலத்தில் சொன்னது பூஞ்சாணம் தன்னை மாற்றிக்கொள்ளும்போது தாங்காமல் போகிறது. ஆகவே டெல்டாவில் எந்த இரகம் எந்த நோயை இப்போது தாங்குகிறது என்ற பட்டியலை ஆடுதுறை விஞ்ஞானிகளின் துணையோடு ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதத்தில் வெளியிட வேண்டும். அந்த இரகங்களின் விதை விரிவாக்க மையத்தில் இருப்பில் இருக்க வேண்டும். கிலோ விதைக்குப் பத்து கிராம் வீதம் நேர்த்தி செய்யும் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள், நாற்று விட்ட பிறகு அல்லாமல் நாற்று விடுவதற்கு முன்னால் கிடைக்க வேண்டும். யூரியா வாங்கும் ஒவ்வொருவர் கையிலும் ஓர் இலை வண்ண அட்டை இருக்கட்டும், அதைப் பிடித்துப் பார்க்கும் விதத்தை வயலிலேயே காட்டிக்கொடுங்கள். பொட்டாஷ் இருப்பை மேலுரம் இடும் காலத்துக்கு முன்பே சங்கங்களில் உறுதி செய்யுங்கள்.

மருந்துக் கடைகளில் மருந்தின் பெயர், தொகுதி எண், எந்த நோய்க்கு, எவ்வளவு என்பதை எழுதிய ரசீது தரப்படுகிறதா என்று பருவத்தின் நடுவில் ஆய்வு செய்யுங்கள். தெளிக்கும் தொழிலாளர்களுக்குக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி ஆகியவற்றை ஊராட்சி வழியாகக் கொடுங்கள்.

கொள்முதலும் காப்பீடும் உங்கள் நேரடி அதிகாரத்தில் இல்லை என்பதை அறிவேன். ஆயினும் நோய் தாக்கிய வயல் என்று சான்று தர வேண்டியவர்கள் நீங்கள். அந்தச் சான்றை நோய் நேரத்திலேயே வயலில் வைத்து வழங்குங்கள். அதன் அடிப்படையில் நிறம் மாறிய நெல்லுக்குத் தளர்வு தரவும், பெரும் நோய்த் தாக்குதலைத் தனிவயல் மதிப்பீட்டுக்குள் கொண்டுவரவும் மாநில அரசுக்கு எழுத்தில் பரிந்துரை அனுப்பி, அதன் நகலை மனுதாரர்களுக்குத் தாருங்கள்.

சம்பாவுக்கு நாற்று விடும் வேலை ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு எங்கள் பகுதியில் தொடங்கிவிடும். இக்கோரிக்கைகளில் எவற்றைச் செய்வீர்கள், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதை அதற்கு முன்பாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். செய்ய இயலாதவை எவை, ஏன் இயலாது என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். அவற்றுக்கு நாங்கள் யாரிடம் போக வேண்டும் என்பதை அதன் பிறகு முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
வெண்ணாற்றுப் பாசனப் பகுதி நெல் உழவன்